பழைய கணினியிற் பெருவட்டு

(நமது சங்கத்தின் செல்லூர்க் கட்டடத்தில் நடைபெற்ற மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினரொருவர் நிகழ்த்திய பிரசங்கம். கூட்டத்திற்கு வர இயலாத அன்பர் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகின்றது.)



இன்று எனக்கு அளிக்கப்பட்ட விஷயம் இச்சபைக்குச் சிறிது புதிதாகத் தோன்றக்கூடும். இம்மேடையினின்று கல்வி நிதியைப் பற்றியும், விவாகச் செலவுகளைச் சுருக்குவதைப் பற்றியும், நூல் விலையேற்றத்தால் தறிக்காரர் படும் பாட்டைப் பற்றியும் பெரியோர் பலர் பேசியிருக்கின்றனர். நானோ நமது ஆபீஸ் அறையின் மூலையிலிருக்கும் பழைய கணினியைப் பற்றியும், அதனுள்ளே புதிதாகப் பொருத்தவேண்டிய பெருவட்டைப் பற்றியும் பேச வந்திருக்கின்றேன். “ஐயா, அது கடைப்பையன் வந்து அரைமணி நேரத்திற் செய்துவிட்டுப் போகிற வேலையன்றோ? அதற்கொரு பிரசங்கமா?” என்று நண்பரொருவர் வாயிலிலேயே என்னைக் கேட்டார். செய்துவிட்டுப் போவான், உண்மையே. அவன் போன பிறகு அதனுள் நாம் எதை வைக்கப் போகின்றோம், வைத்தது நிலைக்குமா என்பதே என் கவலை.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் மதுரையிற் பெய்த பெருமழையை ஒருவரும் மறந்திரார். கண்மாயும் வாய்க்காலும் கொள்ளாத நீர் செல்லூர்த் தெருக்களிற் பெருகி வீடுகளிற் புகுந்தது. நமது கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் முழங்காலளவு நின்றது. அலமாரியின் அடித்தட்டில் இருந்தவை எவையென்று உங்களுக்குத் தெரியும்: விவாகப் பதிவேடுகள், கல்வி நிதிக் கடன் பதிவேடுகள், இந்தச் சஞ்சிகையின் பழைய தொகுதிகள். அவற்றை மொட்டைமாடியிற் பரப்பி, ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்தினோம். மைக்கூட்டுப் பேனாவால் எழுதிய பெயர்கள் நீலக்கறையாய்ப் பரவிப்போனதை நம் பெண்மணிகள் பலர் அன்று கண்ணீரோடு பார்த்தனர். பெற்றோர் விவாகம் நடந்த தேதி அந்த ஒரே புத்தகத்திலன்றி வேறெங்குமில்லாத குடும்பங்கள் நம்முட் பலவுண்டு.

அதன் பின்னரே எல்லாப் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து கணினியில் வைப்பதென்று தீர்மானித்தோம். ஸ்கேனரும் வாங்கப்பட்டது. இளைஞர் இருவர் ஞாயிறுதோறும் வந்து உழைத்தனர். பதினான்காவது பதிவேடு முடியுந்தறுவாயில் கணினி இடமில்லையென்று கைவிரித்தது. அப்பொழுது நிர்வாக சபையில் இரண்டு யோசனைகள் எழுந்தன. ஒன்று, பழைய கணினியைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குவது. மற்றொன்று, ஸ்கேன் செய்து முடித்த பதிவேடுகளை, இடத்தை அடைக்கின்றனவாதலின், பழைய காகிதக் கடைக்குக் கொடுத்துவிடுவது. முதல் யோசனை அநாவசியம். இரண்டாவது யோசனை ஆபத்து. இவ்விரண்டையும் காட்டுவதற்காகவே உங்கள் முன் நிற்கின்றேன்.

இடம் ஏன் போதவில்லை என்பதை முதலிற் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், அகலத்தில் 2,480 புள்ளிகளும் நீளத்தில் 3,508 புள்ளிகளும் விழும். புள்ளியொன்றுக்கு மூன்று பைட்டு. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 26 எம்பி. நானூறு பக்கமுள்ள பதிவேடு ஒன்றுக்குப் பத்து ஜிபிக்குச் சற்று அதிகம் பிடிக்கின்றது. நமது கணினியோடு வந்த வட்டு 160 ஜிபி. அதிலும் ஒரு பகுதியை விண்டோஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டுள்ளது. பதினான்கு புத்தகத்தோடு நின்றதில் வியப்பொன்றுமில்லை. படத்தைச் சுருக்கி ஜேபெக் ஆக வைத்தால் பத்தில் ஒரு பங்கு இடமே போதுமென்று இளைஞர் கூறினர். அன்றாடம் எடுத்துப் பார்ப்பதற்கு அது போதும். ஆனால் நீரிற் கரைந்த எழுத்தைப் பின்னொரு நாள் பெரிதாக்கி வாசிக்க முயலும்போது, சுருக்கத்தில் இழந்தது இழந்ததே. ஆகவே மூலப்படத்தைச் சுருக்காமலே வைக்கவேண்டும். நாலு டெராபைட்டு வட்டொன்றில் அவ்வாறு ஏறக்குறைய 380 பதிவேடுகள் அடங்கும். நம்மிடம் உள்ளவை அதில் மூன்றிலொரு பங்கும் இல்லை.

புதுக் கணினி வாங்குவோமே என்பவருக்கு ஒன்று சொல்வேன். இன்று கடையில் விற்கும் சாதாரணக் கணினிகளிற் பெரும்பாலும் 512 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றே இருக்கின்றது. நமது பதிவேடுகளில் ஐம்பதைக்கூட அது கொள்ளாது. ஆகையால் புதிது வாங்கினாலும் பெருவட்டைத் தனியே வாங்கத்தான் வேண்டும். பதிவேட்டுப் படங்களை வாங்கி வைத்துக் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு 2010-ஆம் ஆண்டில் வாங்கிய நமது இயந்திரமே தாராளமாய்ப் போதும்.

பழையதன்மேற் புதிய உறுப்பைப் பூட்டுவது செல்லூராருக்குப் புதிதன்று. பழைய கைத்தறியின் மேல் ஜக்கார்டுப் பெட்டி ஏற்றும் வேலையைப் பார்த்திருப்பவர் இங்கே உளர். தறி அதேதான், மிதிபலகை அதேதான், நெய்கிறவர் கையும் அதேதான். மேலே பெட்டியும் அட்டைச் சங்கிலியும் ஏறியவுடன் கரையில் பூவும் கொடியும் பூக்கின்றன. ஆனால் பெட்டி ஏற்றுமுன் தறிக்காரர் மூன்றைப் பார்ப்பார்: கூரைக்கு உயரமுண்டா, சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்குமா, கொக்கிகளின் எண்ணிக்கை தம் பாவிழைக்குச் சரிவருமா. இவை பாராமல் ஏற்றினவர் நூலையும் நாளையும் இழப்பார். கணினியில் வட்டேற்றுவதும் இதுவே.

உவமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 1804-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் ஜோசப் மரீ ஜக்கார்டு என்பார் தறிக்கு அமைத்த துளையட்டைகளே கணினியின் மூதாதையர். துளையுள்ள இடத்தில் இழை எழும், இல்லாத இடத்தில் எழாது. அந்த முறையை மக்கட்கணக்கெடுப்பிற்குக் கொண்டுவந்தவர் ஹெர்மன் ஹாலரித் என்பவர். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அவருடைய அட்டைகளால் எண்ணப்பட்டது. அவருடைய கம்பெனி பிற கம்பெனிகளோடு கலந்து, பின்னர் 1924-இல் ஐ.பி.எம். என்ற பெயர் பெற்றது. அந்த ஐ.பி.எம். 1956-இல் உலகின் முதல் வன்வட்டை விற்பனைக்குக் கொணர்ந்தது. 24 அங்குல விட்டமுள்ள தட்டுக்கள் ஐம்பது அதில் அடுக்கியிருந்தன. ஏறக்குறைய ஒரு டன் எடை. கொண்ட எழுத்துக்கள் 50 லட்சம். நமது விவாகப் பதிவேட்டின் ஒரே பக்கத்தை இன்று நாம் ஸ்கேன் செய்யும் வகையில் வைப்பதற்கு அப்படிப்பட்ட இயந்திரம் ஐந்துக்குமேல் வேண்டியிருந்திருக்கும். தறியிற் பிறந்த பொருள் சுற்றித் திரிந்து தறிக்காரர் சங்கத்துக்கே வந்திருக்கின்றது என்று எண்ணிக்கொள்கின்றேன்.

இனி, கொக்கியின் எண்ணிக்கைக்கு ஒப்பான காரியத்தைச் சொல்லவேண்டும். கடையில் ஹார்டு டிஸ்க் என்று வழங்கும் வன்வட்டு, சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. கட்டமொன்றில் 512 பைட்டு எழுதலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் வீட்டிலக்கம் போல ஒரு விலாச எண் உண்டு. கணினி எழுதும்போது “இன்ன எண்ணுள்ள கட்டத்தில் எழுது” என்றே கட்டளையிடும். அந்த எண்ணை எழுத எத்தனை இலக்கம் ஒதுக்கியிருக்கின்றார்களோ, அதற்குட்பட்ட கட்டங்களுக்குத்தான் கட்டளை போய்ச் சேரும். ஒரு காலத்தில் அதற்கு 28 இருமை இலக்கங்கள் ஒதுக்கியிருந்தனர். அதனால் குறிக்கத்தக்க கட்டங்கள் 26 கோடியே 84 லட்சத்து 35 ஆயிரத்து 456. அதாவது 137 ஜிபி. 2002-ஆம் ஆண்டையொட்டி வந்த புதிய விதி அதை 48 இலக்கமாக்கிற்று. 14 கோடி ஜிபிக்குமேல் எல்லை விரிந்தது. ஆனால் விதி மாறியதால் மக்கள் வீட்டிலிருந்த இயந்திரம் மாறிவிடவில்லை.

இதை நான் புத்தகத்திற் படித்துக் கற்கவில்லை, இழந்து கற்றேன். 2002-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கிய கணினியொன்று என் வீட்டிலிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி முதன்முதல் வந்தபடியே அதில் இருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த சர்வீஸ் பேக்கை நான் இடவில்லை. 2006-இல் 250 ஜிபி வட்டொன்று வாங்கினேன். என் மருமகன் வீட்டுப் புதுக் கணினியில் வைத்து அதை முழுவதும் ஃபார்மட் செய்து, பின்னர் என் கணினியிற் பூட்டினேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. என் தகப்பனார் தறி நெய்த காலத்தில், இத்தனை பாவு ஓடிற்று, இன்னாரிடம் நூல் வாங்கினது, இன்னாருக்குப் புடவை கொடுத்தது என்று நாள் தவறாமல் எழுதிய கணக்கு நோட்டுக்கள் ஒன்பது இருந்தன. அவற்றை ஸ்கேன் செய்து அவ்வட்டில் முதலாவதாக வைத்தேன். பிறகு குடும்ப விவாகங்களின் வீடியோக்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஆறேழு மாதம் கழிந்தது. வீடு வெள்ளையடிக்கும்போது, “கணினியிற்றான் இருக்கின்றதே” என்று அந்த ஒன்பது நோட்டையும் காகிதக் கடைக்கு எடைக்குப் போட்டேன்.

அதற்கடுத்த மாதம் ஒரு வீடியோவை ஏற்றினேன். மறுநாள் வட்டைத் திறந்தால், கோப்பு ஒன்றையும் காணோம். “இவ்வட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யலாமா?” என்று கணினி என்னையே கேட்டது.

நடந்தது யாதெனில்: நமது சந்தா ரசீதில் எண் குத்தும் கருவி மூன்று இலக்கமுடையது. 999 ஆனவுடன் அது ஆயிரம் என்று குத்தாது. 000 என்று மறுபடி தொடங்கும். அதுபோல, 137 ஜிபி வரையில் ஒழுங்காய் எழுதிய என் கணினி, அதற்கப்பாற்பட்ட கட்டத்தின் விலாசத்தைச் சொல்ல இலக்கம் போதாமையால், தலை இலக்கத்தை விழுங்கிவிட்டு வட்டின் முதற் கட்டங்களின் விலாசத்தையே சொல்லிற்று. வட்டும் சொன்னபடி எழுதிற்று. வட்டின் முன்புறத்தில் இருந்தவை கோப்புக்களின் அட்டவணையும் என் தகப்பனாரின் கணக்குமே. கல்யாண வீடியோ அவற்றின்மேல் எழுதப்பட்டது. வட்டும் பழுதில்லை, கணினியும் பழுதில்லை, ஒரு எச்சரிக்கையும் திரையில் தோன்றவில்லை. அவர் கையெழுத்துள்ள ஒரு தாளும் இன்று என்னிடம் கிடையாது. பழைய காகிதக் கடை என்ற பேச்சு நிர்வாக சபையில் எழுந்தபோது நான் ஏன் உரக்கப் பேசினேனென்பது இப்போது விளங்கியிருக்கும்; அன்று என் குரல் உயர்ந்ததற்குப் பொக்கிஷதார் அவர்கள் மன்னிக்கவேண்டும்.

நமது ஆபீஸ் கணினி 2010-ஆம் ஆண்டினது. 137 ஜிபி என்னும் வாயிற்படியை அது கடந்துவிட்டது. அதிலிருந்து நமக்குப் பயமில்லை. ஆனால் அதற்கப்பால் வேறொரு படி உண்டு. வட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி எங்கே தொடங்குகின்றதென்று வட்டின் முதற் கட்டத்தில் எழுதி வைப்பது வழக்கம். எம்.பி.ஆர். என்னும் பழைய முறையில் அதற்கு 32 இருமை இலக்கமே இடம். 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் கட்டங்கள், பெருக்கினால் 2.2 டெராபைட்டு. நாலு டெராபைட்டு வட்டை அம்முறையிற் பிரித்தால் பாதிக்குச் சற்று மேல் கிடைக்கும். மிச்சம் இருந்தும் இல்லாதது போலக் கிடக்கும். சில பழைய இயந்திரங்களில், அவற்றின் டிரைவர் மென்பொருள் பழையதாயிருந்தால், இன்னும் விபரீதம்: மூன்று டெராபைட்டு வட்டை வெறும் 746 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றினாரென்று சண்டைக்குப் போனவர்களுண்டு. அது எண் குத்தும் கருவி 000-க்குத் திரும்பிய கதையே. அப்படிப்பட்ட எண்ணைத் திரையிற் கண்டால் அவ்வட்டில் ஒரு கோப்பும் எழுதாதீர்கள்.

கடைக்காரரைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லிவிடுகின்றேன். ஒழுங்காகப் பூட்டினாலும் நாலு டெராபைட்டு என்று வாங்கியது விண்டோஸில் 3,725 ஜிபி என்றுதான் தெரியும். தயாரிப்பவர் ஆயிரத்தால் வகுக்கின்றார். விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கின்றது. பழைய படிக்கும் லிட்டருக்கும் உள்ள வித்தியாசம் போன்றது, பொருள் குறையவில்லை.

ஜி.பி.டி. என்னும் புதுமுறையிற் பிரித்தால் இந்த 2.2 டெராபைட்டு எல்லை இல்லை. ஆனால் நமது கணினியைப் போன்ற பழையவற்றில் யூ.இ.எஃப்.ஐ. இல்லை, பயாஸ் மட்டுமே உண்டு. அப்படிப்பட்ட கணினி ஜி.பி.டி. வட்டிலிருந்து விண்டோஸைத் தொடங்காது. இதனாலேயே “பழைய கணினியிற் பெருவட்டு வேலை செய்யாது” என்று கடைகளிற் சொல்கின்றனர். அது பாதி உண்மை. தொடங்குவதற்கு வேறு, வைப்பதற்கு வேறு என்று பிரித்துக்கொண்டால் தடையில்லை. ஆகவே 160 ஜிபிப் பழைய வட்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கணினியை எழுப்புவது அதன் வேலை. பெருவட்டை ஜி.பி.டி. முறையிற் பிரித்து, பதிவேடு வைக்க மட்டும் உபயோகிப்போம். விண்டோஸ் விஸ்டாவும் அதன் பின் வந்தவையும் இவ்வாறு இரண்டாம் வட்டாக ஜி.பி.டி.யைப் படிக்கும். 32 பிட் எக்ஸ்பி படிக்காது.

நமது கணினியில் இருப்பது விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுபோயின. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய கணினியை ஏற்பதில்லை. ஆதலால் லினக்ஸ் ஏற்றலாமென்பது என் கருத்து. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் முதலியவை விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழிலும் வேலை செய்யலாம். அதுவரை அல்லது அதற்கு மனமில்லையேல், இக்கணினியின் இணையக் கம்பியைக் கழற்றிவிடவேண்டும். பதிவேடு காக்கும் இயந்திரத்திற்கு ஊர் வம்பு வேண்டாம்.

இனிப் பூட்டும் முறை. பெட்டியைத் திறக்குமுன் நான்கு இடங்கள் உள்ளே காலியாயிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்: வட்டை வைக்கும் அறை, மதர்போர்டில் சாட்டா கேபிள் செருகும் வாய், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் மின்செருகி, இவற்றோடு காற்றுப் போகும் இடைவெளி. கேபிள் வாய் மிச்சமில்லையென்றால் கலங்கவேண்டாம். சி.டி. செருகும் டிரைவ் நம்மிடம் பல வருஷமாய் உறங்குகின்றது. அதன் கேபிளையும் மின்செருகியையும் கழற்றினால் அவையே வட்டுக்கு உதவும். நாலு முள்ளுள்ள பழைய மின்செருகியைச் சாட்டாவாக மாற்றும் மலிவு இணைப்பிகளிற் சில, உள்ளே உருகித் தீப்பிடிக்கக் கூடியவை. மிச்சம் பிடிக்கவேண்டிய இடம் அதுவன்று. எஸ்.எம்.பி.எஸ். பழையதாகையால் அதையும் ஒருமுறை சோதிக்கவேண்டும். வட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில வினாடிகளில், ஓடும்போது வேண்டுவதைப் போற் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும்.

யூ.எஸ்.பி.யில் வெளியே மாட்டும் வட்டே போதாதா என்று கேட்பீர்கள். 2010-ஆம் ஆண்டுக் கணினியில் உள்ளது யூ.எஸ்.பி. 2.0. நடைமுறையில் வினாடிக்கு முப்பது எம்பி சொச்சமே கடக்கும். உள்ளே சாட்டாவிற் பூட்டினால் நூறுக்குமேல். நாலு டெராபைட்டை ஒருமுறை நிரப்ப உள்ளே பதினொரு மணி நேரமென்றால், வெளியே ஒன்றரை நாள் ஆகும். மின்சாரம் போய்ப் போய் வரும் காலங்களில் அந்த வித்தியாசம் பெரிது. வெளிவட்டுக்கும் ஒரு வேலையிருக்கின்றது. அதைப் பின்னே சொல்வேன்.

மின்கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கவேண்டும். பெட்டியின் இரும்பைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போனபின் வட்டைத் தொடவேண்டும். வட்டை அறையில் நுழைத்து இரண்டு பக்கமும் ஸ்க்ரூ இறுக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கிவிட்டுப் போகும் வழக்கம் கெட்டது. அதிர்வு வட்டுக்கு ஆகாது. உள்ளே தட்டுக்கள் நிமிஷத்திற்கு 7,200 முறை சுழலும்போது அவற்றின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகத்திற் செல்கின்றது. வைகை எக்ஸ்பிரஸின் சராசரி ஓட்டம் அதற்கு ஈடாகாது. எழுதும் முனையோ தட்டைத் தொடாமல், மயிரிழையினும் மிக நுண்ணிய உயரத்தில் மிதக்கின்றது. ஓடும் கணினியைக் காலால் தள்ளி வைப்பது என்ன காரியமென்று இதிலிருந்து ஊகித்துக்கொள்க. பெட்டி திறந்திருக்கும்போதே மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற பாட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோனால் கணினி தேதியை மறந்து, இன்று ஸ்கேன் செய்ததைப் பல வருஷம் முன்னே செய்ததாய்க் குறித்துவிடும். பதிவேட்டிற்குத் தேதியே உயிர்.

ஃபார்மட் செய்யுமுன் எந்த வட்டு எதுவென்று, கொள்ளளவைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். பழையதைப் புதியதென்று அழித்தவர் பலர். ஃபார்மட் ஆனபின் உடனே பதிவேட்டை ஏற்றாமல், ஒருநாள் முழுதும் வட்டை நுனிமுதல் அடிவரை எழுதிப் படித்துச் சோதிக்கவேண்டும். அன்று நான் அவ்விதம் சோதித்திருந்தால் என் தகப்பனார் நோட்டு தப்பியிருக்கும். ஏற்றியபின், மூலத்திலும் நகலிலும் செக்சம் எடுத்து ஒப்பிடவேண்டும். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தடியிலும் கூட்டுத்தொகை போட்டு அடுத்த பக்கத்திற்குக் கொண்டுபோகின்றோமல்லவா, அதே உபாயந்தான். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தொகை காட்டிக்கொடுக்கும்.

செல்லூருக்கே உரிய இடைஞ்சலொன்று உண்டு. தறியோடும் தெருவிற் பஞ்சுத்தூசு ஓயாது. கணினியின் காற்றாடியிலும் எஸ்.எம்.பி.எஸ். துவாரத்திலும் அது கம்பளிபோற் படிந்து, சித்திரை வெயிலிற் பெட்டியை அடுப்பாக்கிவிடும். மாதமொருமுறை, அணைத்து வைத்து, தூரிகையாற் சுத்தம் செய்யவேண்டும். யூ.பி.எஸ். பாட்டரியும் மாற்றவேண்டியிருக்கின்றது. எல்லாவற்றினும் முக்கியம், கணினிப்பெட்டி மேசைக்கடியில் தரையில் இருப்பது. 2024-இல் வந்த தண்ணீர் மறுபடியும் வாராதென்று எவரும் பத்திரம் எழுதித் தரவில்லை. அது மாடியறைக்குப் போகட்டும்.

இவ்வளவும் செய்தாலும் நம்மிடம் இருப்பது ஒரே பிரதி. பெரிய வட்டு என்பது பெரிய பெட்டியேயன்றி உறுதியான பெட்டியன்று. நூறு பதிவேடுகளை ஒரே நாளில் இழக்க அது வழி செய்கின்றது. 2011-ஆம் ஆண்டில் தாய்லாந்து தேசத்தில் பெருவெள்ளம் வந்து வட்டுக்கள் செய்யும் தொழிற்சாலைகளே நீரில் மூழ்கின. உலகமெங்கும் வட்டு விலை ஏறிற்று. நீரையும் நெருப்பையும் நம்பி எதையும் ஓரிடத்தில் வைக்கலாகாது. யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் 1981-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. மாறாக, செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் தனியொருவராய்ச் சேர்த்த நூல்களும் பத்திரிகைகளும், அவர் காலத்திற்குப் பின் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அங்கே படமெடுத்துப் பிரதி செய்தார்கள். படமெடுத்துவிட்டோமென்று காகிதத்தை எறிந்துவிடவில்லை. ஜி.பி.டி. முறையை வகுத்தவர்களும் இதை அறிந்தே, வட்டின் பகுப்பு அட்டவணையை வட்டின் தலையில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இருமுறை எழுதும்படி அமைத்தனர்.

ஆகையால் வாங்கவேண்டியவை ஒரு வட்டன்று, இரண்டு. ஒன்று உள்ளே பூட்டுவது. மற்றொன்று முன்னே சொன்ன வெளிவட்டு. அது மாதமொருமுறை இங்கே வந்து, நகல் எடுத்துக்கொண்டு, வைகைக் கரையை விட்டு மேட்டுப்பாங்கான இடத்திலுள்ள அங்கத்தினர் ஒருவரின் வீட்டிற்குத் திரும்பிப் போகவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்காமலிருப்பது நலம். ஒரே தறியில் நெய்த துணிக்கு ஒரே குறை இருக்கக்கூடும். வட்டுக்கு ஆயுள் உண்டு. ஐந்து வருஷம் கழித்து, நன்றாயோடினாலும், அடுத்த வட்டுக்கு மாற்றவேண்டுமென்று தீர்மானப் புத்தகத்தில் இப்போதே எழுதி வைக்கவேண்டும். அப்போது நாம் யார் யார் இருப்போமோ.

மூன்றாவது பிரதி அந்தக் காகிதமே. நீர்க்கறை பட்டதாயினும் அதைப் படிக்க மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். பதிவேடுகளை அமிலமில்லாத தாளிற் பொதிந்து மாடி அலமாரியில் வைக்க இடமிருக்கின்றது. நான் அளந்து பார்த்துவிட்டேன், எட்டடி அலமாரி இரண்டு போதும்.

செலவுக் கணக்கைப் பொக்கிஷதார் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். வட்டிரண்டு, பாட்டரி, கேபிள், அலமாரிக்குப் பலகை உட்பட எல்லாம் சேர்ந்தும், புதுக் கணினிக்கென்று கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியலுக்குக் கீழேதான் நிற்கின்றது. சபை அனுமதித்தால் வருகிற இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு இவ்வறையிலேயே பெட்டியைத் திறப்போம். பார்க்க விரும்பும் இளைஞர் வரலாம். ஸ்க்ரூ டிரைவர் நான் கொண்டுவருவேன். வெளிவட்டைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வரும் அங்கத்தினர் எவரேனும் இருந்தால், கூட்டம் கலையுமுன் காரியதரிசி அவர்களிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன். வீட்டில் தாத்தா காலத்துக் கணக்கு நோட்டு, விவாகப் பத்திரிகை, பழைய சஞ்சிகை வைத்திருப்பவரும் அன்று கொண்டுவரலாம். ஸ்கேன் செய்து, கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவோம்.